பார்த்ததாகச் சொன்ன படகு

மார்ச் 4, செவ்வாய்

தம்பி வாங்கிய படகு அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காலை 11.40-க்கு நங்கூரம் போட்டதாகத் தம்பி போனில் சொன்னான். வேறு யாரிடமும் கேட்டு உறுதி செய்ய வேண்டியதில்லை. பின்னால் இன்ஜின் ஓடுவது எனக்கே கேட்டது.

பதினெட்டு வருடமாக அவன் ஓட்டியது ஏழு மீட்டர் ஃபைபர் படகு. நின்றால் ஆடும், உட்கார்ந்தால் நனையும் என்பான். இது பதின்மூன்று மீட்டர் மரப்படகு. வயது பதினான்கு. இவன் மூன்றாவது சொந்தக்காரன். ஸ்டியரிங் பிடித்து நிற்க ஓர் அறை, படுக்க நான்கு பலகை, மீன் வைக்க ஐஸ் பெட்டி. காலையில் போய் மத்தியானம் திரும்புகிற தொழிலிலிருந்து, நான்கு நாள் கடலிலேயே தங்குகிற தொழிலுக்கு மாறுகிறான். நாற்பத்தாறு வயதில். பழைய படகு போன வாரமே கைமாறிவிட்டது. இனி இதுதான்.

"அக்கா, கரையில பாதி ஊரு நிக்குது. எவனப் பாத்தாலும் படகோட அடி எப்படிடா, அடி எப்படிடான்னு ஒரே கேள்வி. எங்கக்கா பாத்துச்சு, போங்கடான்னுட்டேன்!"

சிரித்தான். நானும் சிரித்தேன்.  'நிருபர் பார்த்தார்' என்று எங்கள் பத்திரிகையில் யாராவது எழுதிக்கொண்டு வந்தால், எங்கே நின்று பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்காமல் விடமாட்டேன்.

மார்ச் 5, புதன்

எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இந்த நோட்டிலாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன். படகு அப்போது இந்த ஊரில், என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் படகுப் பட்டறையில் இருந்தது. விற்கிறவர் அதற்கு பெயின்ட் அடிக்க சிலிப்பில் ஏற்றியிருந்தார். சிலிப் என்பது படகைத் தண்ணீரிலிருந்து இழுத்து நிறுத்துகிற சாய்வான மேடை. மரப்படகின் அடியைப் பார்க்க வேறு வழி கிடையாது. இன்ஜினைத் தம்பி முந்தின வாரமே வந்து பார்த்துவிட்டான். அடியைப் பார்க்க இன்னொரு முறை வருவதென்றால் பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தொழில் நன்றாக ஓடுகிற நாட்கள் வேறு. "நீ போய்ப் பாருக்கா. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி அடிக்கட்டையத் தட்டிப் பாரு. டொக்குனு கேட்டா நல்லது, தொப்புனு கேட்டா என்னக் கூப்பிடு" என்றான். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். துறைமுகச் செய்தி எழுத ஆரம்பித்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. எனக்கு அவன் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை.

இரண்டு மணிக்குப் போவதாக இருந்தேன். நான்கு மணிக்கு அலுவலகப் படிக்கட்டில் போட்டோ. பத்திரிகையின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு. பச்சைப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். பட்டறைத் தரை எனக்குத் தெரியும். டீசல், சேறு, மரத்தூள். அடிக்கட்டை என்பது படகின் அடியில் நீளமாக ஓடும் மரம்; அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். வேறு புடவை மாற்றிக்கொண்டு போய், பார்த்து, திரும்பி வந்து மறுபடி இதைக் கட்டிக்கொள்ள நேரம் இருந்தது. அரை மணி நேரம் மிச்சமே இருந்திருக்கும். சோம்பல்.

பட்டறை மேஸ்திரிக்கு போன் போட்டேன். "எல்லாம் பாத்தாச்சும்மா. கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

தம்பிக்கு போன் போட்டு, "பார்த்தேன். அடி கல்லு மாதிரி இருக்கு" என்றேன்.

அவன் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்க வேண்டும். கூட இருந்த ஒருவர் மெதுவாக, "எந்தப் பக்கம் பாத்தீங்க?" என்று கேட்டார். "எல்லாப் பக்கமும்தான்" என்றேன். கேட்டவர் பெயர் சத்தம். தம்பியோடு பத்தொன்பது வருடமாகக் கடலுக்குப் போகிற இன்ஜின்காரர். எதிரே நின்று பேசினால்கூடப் பாதி காதில் விழாது. அதனால்தான் அவருக்குச் சத்தம் என்று பெயர்.

மேஸ்திரி சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அதில் எனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒன்றுமில்லை. போகவில்லை என்று தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். அந்தச் சின்னக் கூச்சத்துக்கு வாடகை, இரண்டு வாரமாக இந்த உறுத்தல்.

மார்ச் 11, செவ்வாய்

ஆண்டு மலர் வந்துவிட்டது. படிக்கட்டில் இரண்டாவது வரிசையில், பச்சைப் புடவையில் நான். படத்துக்குக் கீழே 'களத்தில் நின்று எழுதும் மூத்த நிருபர்' என்று போட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். படத்தை வெட்டி ஸ்டியரிங் அறையில் ஒட்டிவிட்டானாம். நான் அடி பார்த்த கதை கரையில் வளர்ந்துகொண்டே போகிறது. இந்த வாரக் கணக்குப்படி நான் பட்டறையில் ஒரு மணி நேரம் சேற்றில் கிடந்திருக்கிறேன். சுத்தியலால் தட்டிக்கூடப் பார்த்திருக்கிறேன்.

"சுத்தியல் எங்கேருந்துடா வந்துச்சு?"

"விடுக்கா, ஒரு பேச்சுக்குத்தான். சும்மா பாத்துட்டு வந்துச்சுன்னா நல்லாவா இருக்கும்?"

மார்ச் 13, வியாழன்

தம்பி கூப்பிட்டான். படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது.

"பயப்படாத. பழைய மரப்படகுன்னா கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனா இது கொஞ்சம் இல்ல. ஒரு நாளைக்கு நாலு தடவ பம்பு போட வேண்டியிருக்கு."

எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பின்பக்கம் இன்ஜின் தண்டு படகைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற இடத்தில், தண்ணீர் வராமல் அடைத்துச் சுற்றுகிற கயிறு சரியில்லை என்று நினைக்கிறானாம். சத்தம்தான் அதைச் சுற்றியவர்.

"அங்க மட்டும்தான் பாத்தியா?"

"வேற எங்க பாக்கறது? அடிதான் நீ பாத்துட்டியே."

மார்ச் 15, சனி

துறைமுகத்தில் மண் வாருகிற வேலை பற்றி ஒரு செய்திக்காகப் பட்டறைப் பக்கம் போனேன். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, அன்றைக்கு அந்த நீலப் படகின் அடியை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் லீவும்மா. மக வீட்டுல இருந்தேன்."

"பார்த்தாச்சுன்னு சொன்னீங்களே?"

"பட்டறைக்கு வர்ற படக யாராச்சும் பாத்திருப்பாங்கதானே? அதச் சொன்னேன். ஏன், எதும் பிரச்சனையா?"

நான் செய்ததும் இதுதானே. அவர் மேல் எனக்குக் கோபப்பட என்ன இருக்கிறது?

பெயின்ட்டர் உள்ளே வேலையாக இருந்தார். அந்தப் படகின் அடியில் படுத்த ஒரே மனிதர் அவர்தான். கேட்டதும் நினைவிருந்தது. "பின்பக்கம் அடிக்கட்டையில ஒரு எடத்துல பிரஷ்ஷு உள்ள போச்சும்மா. பஞ்சு மாதிரி. ரெண்டு கை புட்டிப் பசைய அப்பி மேல அடிச்சிட்டேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

நேரில் கண்டவர். தயக்கமில்லாமல் பேசுகிறார். பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாதவர். இதைவிட நல்ல சாட்சி என் தொழிலில் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்தேன். தம்பிக்கு போன் போடவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை மறுநாள் என்றும் நினைத்தேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு போனுக்கு இவ்வளவு நடுக்கமா?

மார்ச் 18, செவ்வாய்

தம்பி மனைவி கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் நலம் விசாரிக்க அல்ல.

"அண்ணி, உங்க தம்பிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. சத்தம் அண்ணன வெரட்டி விட்டுட்டாரு."

நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சத்தம் அந்தக் கயிற்றை இரண்டு முறை பிரித்து மாற்றியிருக்கிறார். தண்ணீர் நிற்கவில்லை. கரையில் எல்லார் முன்னாலும் தம்பி, "பத்தொன்பது வருசமா ஒரு கயிறு சுத்தத் தெரியல, உனக்கு இன்ஜின்காரன்னு பேரு வேற" என்று கேட்டிருக்கிறான். சத்தம், "படகை ஒரு தடவ கரையேத்தி அடியில பாத்துடலாமே" என்றாராம். அதற்கு இவன், "எங்கக்காவ நம்பலன்னு நேரா சொல்லு."

 சத்தம் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாராம். இப்போது வேறொருவர் படகில் இன்ஜின் வேலை.

"அதுலயும் பாருங்க அண்ணி, போறதுக்கு முன்னாடி தன் சொந்த பம்ப எங்க படகுல ரெண்டாவதா மாட்டி வச்சிட்டுப் போயிருக்காரு. இவரு அதுக்கும் திமிருங்கறாரு. உங்களுக்கு எதுனா புரியுதா?"

புரியவில்லை என்றேன். இந்தப் படகு விஷயத்தில் அது நான் சொன்ன மூன்றாவது பொய்.

மார்ச் 19, புதன்

மூன்று முறை அவன் நம்பரை எடுத்தேன். ஒரு முறை மணிகூட அடித்தது. வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டான். "கை பட்டுடுச்சு" என்றேன்.

மார்ச் 20, வியாழன்

திங்கட்கிழமை கிளம்புகிறார்கள். தம்பியே சொன்னான். நான்கு பேர், நான்கு நாள், கரை கண்ணுக்குத் தெரியாத தூரம். சத்தத்துக்குப் பதிலாக யாரோ ஒரு புது ஆள்.

"தண்ணி?"

"ரெண்டு பம்பு இருக்கேக்கா. பாத்துக்கலாம்."

இனி போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டேன். அது உண்மை.

மார்ச் 22, சனி. தம்பி வீட்டில்

காலை ஆறு மணி பஸ். பதினொன்றே காலுக்குக் கரையில் இறங்கினேன். சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்று நேராகப் படகுக்குப் போனேன்.

தம்பிக்கு ஒரே கொண்டாட்டம். கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். ஒவ்வொன்றாகக் காட்டினான்: படுக்கும் பலகை, ஐஸ் பெட்டி, அடுப்பு கவிழாமல் இருக்க அவனே அடித்த சட்டம். "இப்ப பாரு, நிக்கிறேன், ஆடுதா? ஆடல பாரு!" ஸ்டியரிங் அறையில் கண்ணாடிக்கு மேலே நான். நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, பச்சைப் புடவையில்.

கீழே பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நான் பாக்கலடா" என்றேன்.

"எத?"

"அடிய. அன்னிக்குப் போகவே இல்ல."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிய அவனுக்குக் கொஞ்சம் நேரமானது.

"போன்ல சொன்னியே."

"மேஸ்திரி சொன்னத நான் பாத்த மாதிரி சொன்னேன்."

"மேஸ்திரி பாத்தானா?"

"இல்ல."

"அப்ப யாருதான்கா பாத்தது?"

பெயின்ட்டர் சொன்னதைச் சொன்னேன். பிரஷ் உள்ளே போனது, பஞ்சு மாதிரி இருந்தது, இரண்டு கை புட்டி. எப்போது தெரியும் என்று கேட்டான். ஒரு வாரம் என்றேன். அந்த ஒரு வாரத்தில் இரண்டு தடவை அவன் காலையில் கடலுக்குப் போய் மத்தியானம் திரும்பியிருக்கிறான். அதை அவன் சொல்லவில்லை. நான்தான் மனதுக்குள் எண்ணினேன்.

"ஏன் போகல?"

வேலை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இத்தனை தூரம் பஸ்ஸில் வந்து அதையும் சொன்னால் நான் என்ன மனுஷி?

"போட்டோ எடுக்கறதா இருந்துச்சு. புடவை அழுக்காயிடும்னு."

அவன் தலையைத் தூக்கி அந்தப் படத்தைப் பார்த்தான். பிறகு என்னை. மறுபடி படத்தை.

"ஒரு வார்த்த 'போகல'ன்னு சொல்லியிருந்தா நானே வந்து பாத்திருப்பேனேக்கா. ஒரு நாள் தொழில் போயிருக்கும். அவ்வளவுதானே?"

கீழே இறங்கி இரண்டு பம்பையும் நிறுத்தினான். இன்ஜினுக்குக் கீழே பலகையைத் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நானும் உட்கார்ந்தேன். தண்டு வெளியே போகும் இடம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. அதற்கு இரண்டு கை முன்னால், அடிக்கட்டை ஓரமாக, தண்ணீர் மெதுவாகச் சுரந்துகொண்டிருந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல். அவன் இதுவரை அங்கே பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டியதில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள்.

பதினேழு நிமிடத்தில் அவன் பாதம் நனைந்தது.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பம்பைப் போட்டுவிட்டு, "சத்தத்துகிட்ட நான் என்னன்னு போய் நிப்பேன்?" என்றான். என்னிடம் கேட்கவில்லை. சும்மா தண்ணீரைப் பார்த்துக் கேட்டான்.

"நான் சொல்றேன்டா."

"நீ கெளம்புக்கா. வீட்டுல போய் சாப்பிடு. நான் வர நேரமாகும்."

அவன் வரவில்லை. இதை எழுதும் வரை படகில்தான் இருக்கிறான். தம்பி மனைவியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "கை கழுவுங்க அண்ணி, சோறு ஆறுது" என்றாள். 

மார்ச் 23, ஞாயிறு

சத்தத்தைப் பார்த்தேன். கரையின் கடைசியில் யாருடைய இன்ஜினையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்று, நடந்ததை முழுதாகச் சொன்னேன். தப்பு உங்கள் மேல் இல்லை, கயிற்றில் இல்லை, என் மேல் என்றேன். மன்னிப்பு கேட்டேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். குனிந்தால்தான் கேட்டது.

"தெரியும்."

"எப்படி?"

"எந்தப் பக்கம் பாத்தீங்கன்னு கேட்டேன். எல்லாப் பக்கமும்னீங்க. சிலிப்புல ஏத்துனா அடியில கட்டைய முட்டுக் குடுத்துத்தான் நிறுத்துவாங்க. முட்டு இருக்கற எடத்த யாராலயும் பாக்க முடியாது. பாத்தவங்க அந்த எடம் மட்டும் தெரியலன்னு சொல்லுவாங்க."

இருபத்தொன்பது வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னை மடக்கியதில்லை.

"அன்னிக்கே தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே? இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேணாமே?"

"அக்கா பொய் சொல்லுதுன்னு அவன்கிட்ட சொல்ல நான் யாரும்மா?"

அதனால்தான் அந்த இரண்டாவது பம்பு. திமிரு இல்லை. சொல்ல முடியாததைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஐயோ, நான் எப்பேர்ப்பட்டவங்க முதுகுல ஏறி நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்.  அவர் தான் உட்கார்ந்திருந்த முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, வேலையைப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

படகு இன்று கிளம்பவில்லை. நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது தம்பி மனைவி போனில் சொன்னாள்.

மார்ச் 29, சனி

தம்பியிடமிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பான். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் அவனை வைக்க எனக்கு மனதில்லை.

தம்பி மனைவிதான் இப்போது என் செய்தித் தொடர்பாளர். "கரையில ஆளாளுக்குக் கேக்குறாங்க அண்ணி, ஏன் போகலன்னு. அடி சரியில்லங்கறாரு. உங்கக்கா பாத்துச்சேன்னா, 'நான்தான் பாக்கல'ன்னு சொல்றாரு." எதையும் மறைக்காமல் சொல்கிறவள் என்பதால் அவளே தொடர்ந்தாள்: "அந்தப் படத்த எடுத்துட்டாரு. நாலு டேப்பு மட்டும் இருக்கு."

எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

'நான்தான் பாக்கல'. என் பெயரைக் காப்பாற்ற அவனும் ஒன்று சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

இன்று ஒரு மழை செய்தியில் 'நிருபர் நேரில் கண்டபோது' என்று என் கை தானாக எழுதியது. அடித்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். செய்தி ஒரு மணி நேரம் தாமதம். செய்தி ஆசிரியர் முகத்தைச் சுளித்தார்.

ஏப்ரல் 2, புதன்

படகு வரும் செவ்வாய், 8-ஆம் தேதி சிலிப்பில் ஏறுகிறது. சொன்னது தம்பி மனைவி; அவர்கள் ஊருக்கு அடுத்த கரையில் இருக்கும் பட்டறைக்கு நானே போன் செய்து கேட்டேன், அவர்களும் அதே தேதிதான் சொன்னார்கள். அங்கிருக்கும் படகுத் தச்சர் புட்டியைச் சுரண்டி, அடிக்கட்டையைத் தட்டிப் பார்ப்பார். ஒரு முழம் வெட்டி ஒட்டுப் போட்டால் போதுமா, முழுக்கட்டையும் மாற்ற வேண்டுமா என்பது அப்போதுதான் தெரியும். மாற்றுவதென்றால் இந்த வருடத் தொழில் போய்விடும். தம்பியிடம் இப்போது சின்னப் படகும் இல்லை.

தம்பி சத்தம் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறான். முதல் தடவை வாசலோடு திரும்பி வந்துவிட்டானாம். இரண்டாவது தடவை உள்ளே போய், ஒரு மணி நேரம் இருந்தானாம். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வருவாரா என்று கேட்டதற்கு, "வரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. அந்த அண்ணன் என்னிக்கு வாயத் தெறந்து சொல்லியிருக்கு?" என்றாள்.

மாலை 5.20-க்குத் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பதினோரு நாளில் முதல் செய்தி. ஒரே வரி.

'செவ்வா காலைல வா. பழைய பொடவையா பாத்து கட்டிட்டு வா.'

நின்றபடியே நான்கு தடவை படித்தேன். குத்திக்காட்டுகிறானா, கூப்பிடுகிறானா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. அலமாரியைத் திறந்து, கைத்தறிச் சேலை ஒன்றை, ஏற்கெனவே டீசல் கறை இருப்பதாகப் பார்த்து எடுத்து நாற்காலி மேல் போட்டிருக்கிறேன். பக்கத்தில் சுத்தியல்.

படகை அதிகாலை ஏற்றநீரில் இழுப்பார்கள். தண்ணீர் வடிந்து அடியில் படுக்க இடம் கிடைக்கும்போது மணி ஒன்பதாகும் என்கிறது பட்டறை. அதுவரை அந்தப் புட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் யாரும் இல்லை. முட்டுக்கட்டை இருக்கும் இடம் அதற்குப் பிறகும் தெரியாது.